காரவான், சாத்து, ஒழுகை

தமிழ்நாட்டில் இன்று 'கேரவன்' என்னும் சொல்லை அறியாதார் மிகச் சிலரே. படப்பிடிப்பு நடைபெறும் இடங்களில் நடிகர் இளைப்பாறவும் ஒப்பனை செய்துகொள்ளவும் நிறுத்தப்பெறும் குளிரூட்டிய ஊர்தியே பெரும்பாலார்க்கு அச்சொல்லின் பொருள். மேலைநாட்டு நூல்களைத் தமிழாக்குவோர்க்கோ அதே சொல் மணல்வெளியில் நிரைநிரையாகச் செல்லும் ஒட்டகங்களை நினைவூட்டும். ஒன்று பலர் கூடிச் செல்லும் செலவு. மற்றொன்று ஒருவர் தனித்திருக்கும் அறை. இவ்விரு பொருளும் ஒரு சொல்லில் எவ்வாறு வந்து பொருந்தின என்பதையும், தமிழில் நெடுங்காலமாக உள்ள 'சாத்து' என்பது இதற்கு நேர்சொல்லாக நிற்கத்தகுமா என்பதையும் ஈண்டு ஆராயப் புகுகின்றோம். மொழிபெயர்ப்பிற்கு மட்டுமன்றிச் சங்கப் பாடல்களுக்குப் பொருள் காண்பதற்கும் இவ்வாராய்ச்சி வேண்டற்பாலது என்பது பின்னர்ப் புலனாகும்.

முதற்கண் ஒரு பிழையைக் களைதல் வேண்டும். 'கார்' என்பதும் 'வேன்' என்பதும் சேர்ந்து 'கேரவன்' ஆயிற்று என்று முதுகலை மாணவர் சிலர் எழுதக் கண்டிருக்கின்றோம். கேட்டற்கு இனிய விளக்கமே; ஆயினும் வரலாறு தலைகீழாக உள்ளது. 'கார்' என்பது இலத்தீன் மொழி கெல்தியரிடமிருந்து பெற்ற 'கர்ருஸ்' என்னும் வண்டிப்பெயரின் வழிவந்தது. அதற்கும் இதற்கும் உறவில்லை. 'வேன்' என்பதோ 'கேரவன்' என்பதன் தலைக்குறையாக 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஆங்கிலத்தில் பிறந்தது. 'எல்லார்க்கும்' என்று பொருள்படும் 'ஆம்னிபஸ்' என்னும் இலத்தீன் சொல் முன்பகுதியை இழந்து வெறும் வேற்றுமை ஈறாகிய 'பஸ்' மட்டும் நின்றதும் இம்முறையினதே. ஆகவே 'வேன்' என்பது கேரவனின் உறுப்பன்று, மகவு. தாயும் மகவும் வெவ்வேறு காலத்தில் தமிழுக்கு வந்து, ஒன்றையொன்று அறியாதனபோல் நம் தெருக்களில் உலவுகின்றன.

மூலச்சொல் பாரசீகத்தது. அம்மொழியில் 'கார்வான்' என்பர். இடைக்காலப் பாரசீகத்தில் 'காரவான்'. அவ்விடைக்கால மொழியில் வழிச்செல்லும் வணிகர் கூட்டத்தை மட்டுமன்றி, அணிவகுத்துச் செல்லும் படையையும் அச்சொல் குறித்தது. இதன் முதற்பகுதியைப் பழம்பாரசீகத்தின் 'கார' என்னும் சொல்லோடு இணைப்பர். முதலாம் தாரியஸ் கி.மு. 6ஆம் நூற்றாண்டின் இறுதியில் பெஹிஸ்தூன் மலைப்பாறையில் வெட்டுவித்த நெடுங்கல்வெட்டில் இச்சொல் பலமுறை வருகின்றது. அங்கே அது சிலவிடங்களில் 'மக்கள்' எனவும், சிலவிடங்களில் 'படை' எனவும் பொருள் தருகின்றது. படைக்கலம் ஏந்தும் மக்களே ஒரு நாட்டின் மக்கள் எனக் கருதப்பெற்ற காலத்துச் சொல் அது.

இந்தோ ஐரோப்பிய மொழிகளில் இதற்கு உறவுச்சொற்கள் உள. லித்துவேனிய மொழியில் 'கரஸ்' என்பது போர். கோதிக் மொழியில் 'ஹர்யிஸ்' என்பதும், ஜெர்மன் மொழியில் 'ஹேர்' என்பதும் படை. ககரம் ஜெர்மானிய மொழிகளில் ஹகரமாகத் திரிதல் அம்மொழிநூலார் யாவர்க்கும் உடன்பாடு. இங்கே வியப்புக்குரிய ஒன்று உண்டு. 'படைக்குக் காப்பிடம்' என்னும் பொருளுடைய பழைய ஜெர்மானியத் தொகைச்சொல் ஒன்றிலிருந்தே ஜெர்மன் மொழியின் 'ஹெர்பெர்கெ', பிரெஞ்சு மொழியின் 'ஓபெர்ஜ்' ஆகிய விடுதிப் பெயர்கள் பிறந்தன. கப்பல் தங்குமிடத்தைக் குறிக்கும் 'ஹார்பர்' என்னும் ஆங்கிலச் சொல்லும் அக்குடியினதே. பாரசீகரோ வழிச்செல்வோர் தங்குமிடத்தைக் 'காரவான் சராய்' என்றனர். படை என்னும் பொருளுடைய ஒரே பழஞ்சொல் ஒருபால் பாலைவன விடுதிக்கும், மறுபால் ஐரோப்பியத் துறைமுகத்திற்கும் முன்பகுதியாக அமைந்தது. ஒன்றைப் பார்த்து மற்றொன்றை ஆக்கினார் இல்லை.

வடமொழிக் 'கரபம்' என்பதிலிருந்து காரவானைக் கொணர்வாரும் முன்னர் இருந்தனர். கரபம் ஒட்டகத்தையும் யானைக் கன்றையும் குறிப்பதாகலின் அவ்விளக்கம் மனத்தைக் கவர்வது. ஆயின் முதலெழுத்தின் நெடிலுக்கு அது விடை கூறாது. படை என்னும் பழம்பொருளுக்கும் இடந்தாராது. ஒட்டகமின்றிக் கழுதையும் கோவேறு கழுதையும் குதிரையும் கொண்டு சென்ற கூட்டங்களும் பாரசீகத்தில் இப்பெயரே பெற்றன. எனவே அவ்விளக்கத்தை யாம் கொள்ளோம். காரவானை 'ஒட்டகக் கூட்டம்' என்று பெயர்த்து எழுதும் தமிழ் நூல்கள், தம்மை அறியாமலே இத்தவறான சொற்பிறப்பை வழிமொழிகின்றன.

அரபியர் இச்சொல்லைக் 'கைரவான்' என ஏற்றனர். கி.பி. 670இல் உக்பா இப்னு நாபி என்னும் படைத்தலைவர் இன்றைய துனீசிய நாட்டில் அமைத்த பாசறை பெருநகராகி இன்றும் அப்பெயரால் விளங்குகின்றது. செல்வதற்குப் பெயராகிய சொல், நிலைத்த ஊர்க்குப் பெயராயிற்று. அரபியர்க்குத் தமக்கே உரிய பிறிதொரு சொல்லும் உண்டு, அது 'காபிலா'. மீளுதல் என்னும் வினையடியாகப் பிறந்தது. புறப்படும் கூட்டத்தை 'மீள்வது' என்று அழைப்பானேன்? நலமே திரும்பிவருக என்னும் நற்சொல்லாக அவ்வாறு வழங்கினர் என அரபு அகராதியாசிரியர் கூறுவர். இறந்தாரைத் துஞ்சினார் என்னும் நம் மங்கல வழக்கு இதனோடு ஒருபுடை ஒத்தது. இந்நற்சொல் அடைந்த கதியும் நினைக்கத்தக்கது. ஆங்கிலத்தில் அது 'காபிள்' எனத் திரிந்து, தளையிட்டு நடத்திச் செல்லப்பெற்ற அடிமைகளின் நிரைக்குப் பெயராயிற்று. மீளாச் செலவினர்க்கு மீளுதற்பெயர் அமைந்தது.

ஐரோப்பாவிற்குக் காரவான் சென்றது சிலுவைப் போர்க் காலத்தில். பிரெஞ்சு, இத்தாலிய மொழிகளின் வாயிலாக அது பரவிற்று. ஆங்கிலத்தில் 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் காணப்படுகின்றது. இடையே கடலிலும் இறங்கிற்று. மால்ட்டாத் தீவின் புனித யோவான் சபை வீரர் தம் படகுகளில் மேற்கொண்ட கடற்காவற் செலவிற்குக் காரவான் என்றே பெயரிட்டனர். சபையில் உயர்பதவி பெற விரும்புவோர் அத்தகைய செலவுகள் சிலவற்றை நிறைவேற்றியிருத்தல் வேண்டும் என்பது விதி. 'காரவெல்' என்னும் போர்த்துக்கேயக் கப்பற்பெயர் வேறு. ஒலியொப்புமை கண்டு அதனை ஈண்டு இழுத்தல் கூடாது.

17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இங்கிலாந்தில் ஒரு திருப்பம் நேர்ந்தது. பலரை ஒருங்கே ஏற்றிச் செல்லும் மூடுவண்டியைக் காரவான் என்றனர். கூட்டத்தின் பெயர் கூட்டத்தைச் சுமப்பதற்கு ஆகிவந்தது. பின்னர்ப் பொருட்காட்சியினரும் விலங்குக் காட்சியினரும் தம் வண்டிகளை அவ்வாறு அழைத்தனர். 19ஆம் நூற்றாண்டில் வீடுபோன்ற வண்டிகளில் வாழ்ந்த ரோமா மக்களின் ஊர்திக்கும் ஆங்கிலேயர் அதே பெயரிட்டனர். அம்மக்கள் தம் மொழியில் அதனை 'வார்தோ' என்பர். 1885இல் கோர்டன் ஸ்டேபிள்ஸ் என்னும் மருத்துவர் இன்பச் செலவிற்கென்றே 'வாண்டரர்' என்னும் வீட்டுவண்டியைச் செய்வித்து ஊர்சுற்றினார். 1907இல் அத்தகையோர்க்கு ஒரு கழகமே தோன்றிற்று. அன்று தொடங்கிக் காரவான் ஓய்வு நாடுவோரின் உடைமையாயிற்று. தமிழ்த் திரையுலகம் ஏற்றது இந்தக் கடைசிப் பொருளை.

இனிச் சாத்துக்கு வருவோம்.

தமிழில் 'சாத்து' என்னும் வடிவில் பல சொற்கள் உள. கதவைச் சாத்துதலும், இறைவன் திருமேனிக்கு மாலை சாத்துதலும் வினைகள், அவை வேறு. பெயராகிய சாத்து வணிகர் கூட்டம் என்று பொருள்படும். பெரும்பாணாற்றுப்படை மிளகுப்பொதி சுமந்த கழுதைகளொடு செல்லும் சாத்தையும், அவை செல்லும் சுங்கமுடைய பெருவழியையும், அவ்வழியின் கவர்நெறிகளில் வில்லேந்தி நிற்கும் காவலரையும் காட்டுகின்றது. அகநானூற்றுப் பாலைப் பாட்டுக்களில் சாத்தைத் தாக்கிக் கொள்ளையிடும் மறவரைக் காண்கின்றோம். உப்பு வணிகராகிய உமணரின் சாத்து ஓரிடத்தில் தங்கிச் சமைத்துச் சென்றபின், அவர் விட்டுச்சென்ற கல்லடுப்பில் மழவர் ஊன் சமைத்துண்பதாக ஒரு பாட்டில் வருகின்றது. அடுப்பு ஒன்றே, சமைப்போர் இருதிறத்தார். அவ்வழியில் செல்ல இருக்கும் தலைவனை எண்ணி நெஞ்சு நடுங்கும் தலைவிக்கு இதனினும் கொடிய அடையாளம் வேண்டுவதில்லை.

இச்சொல்லின் பிறப்பு யாது? 'சார்' என்னும் தமிழ் வினையடியாகச் சார்த்து, சாத்து என வந்தது என்று கொள்வாரும் உளர். சார்ந்து செல்வோர் கூட்டம் என்பது அவர் விளக்கம். ரகரமெய் கெட்டு வல்லினம் நிற்றல் தமிழில் இயல்பாகலின் ஒலிவகையில் இதற்குத் தடையில்லை. எனினும் பொருள்வகையில் ஓர் ஐயம் எழுகின்றது. சார்தலாகிய வினையடியாயின் எவ்வகைக் கூட்டத்திற்கும் அது பெயராதல் வேண்டும். சங்க நூல்களிலோ பண்டம் கொண்டு வழிச்செல்லும் கூட்டத்தையே அது சிறப்பாகச் சுட்டுகின்றது. வடமொழியில் 'சார்த்த' என்பது அப்பொருளையே உடையது. 'அர்த்தத்தோடு கூடியது' என்பது அதன் உறுப்புப்பொருள். அர்த்தம் என்பது ஈண்டுக் கருதிய பயனும் ஆம், பண்டமும் ஆம். பாலியில் அது 'சத்த' என வரும். புத்தசாதகக் கதைகளுள் முதலாவதாகிய அபண்ணக சாதகத்தில் ஐந்நூறு வண்டிகளோடு பாலை கடக்கும் தலைவர் இருவர் வருகின்றனர். மகாபாரதத்து நளன் கதையில் காட்டில் தனித்த தமயந்தி சேர்ந்துகொள்வதும், இரவில் காட்டியானைகளால் மிதிபடுவதும் இத்தகைய வணிகர் கூட்டமே.

பாலி வடிவத்தின் குறில் தமிழில் இல்லை, நெடிலே உள்ளது. ஆகவே பாலி போன்றதொரு வடிவத்திலிருந்து நேரே வந்தது என்பதினும், ஆகாரமும் ரகரமும் அழியாத ஒரு வடிவத்திலிருந்து தமிழ் இதனை ஏற்றுத் தன் இயல்பிற்கேற்ப ரகரத்தை விட்டது என்பதே பொருந்தும். இது கடன்சொல் எனக் கூறுவதால் தமிழர் வணிகத்திற்கு இழுக்கு ஒன்றும் இல்லை. பன்மொழியினர் கலந்து செல்லும் வழியில் பண்டம் மாறுமாறு சொல்லும் மாறும். உமணர் என்னும் பெயரும், ஒழுகை என்னும் பெயரும் தமிழாகவே இருக்கின்றன என்பதையும் மறவற்க.

சாத்தின் தலைவன் சாத்துவான். சிலப்பதிகாரத்தில் கோவலன் தந்தை மாசாத்துவான். கண்ணகி தந்தை மாநாய்கன். முன்னது 'சார்த்தவாகன்' என்பதனோடும், பின்னது கடலோடியைக் குறிக்கும் 'நாவிகன்' என்பதனோடும் தொடர்புடையது என அறிஞர் விளக்கியுள்ளனர். அவ்வாறு கொள்ளின், நிலவழிச் செல்வமும் நீர்வழிச் செல்வமும் ஒரு திருமணத்தில் இணைந்தமை காப்பியத்தின் தொடக்கத்திலேயே பெயர்களால் குறிக்கப்பெறுகின்றது. பின்னர்க் கோவலன் மதுரைக்குச் சென்றபோது அவனுக்குச் சாத்தும் இல்லை, வண்டியும் இல்லை. பெருஞ்சாத்தின் தலைவன் மகன் மனைவியோடும் ஒரு துறவியோடும் கால்நோக நடந்தான். இளங்கோவடிகள் இதனை வெளிப்படக் கூறினார் அல்லர். பெயரின் பொருள் அறிந்தார்க்கு அது தானே தோன்றும்.

இதுபற்றிச் 'சாத்தன்' என்னும் பெயர் வரும் இடமெல்லாம் ஒரு வணிகனைக் காண முற்படுதல் கூடாது. உரையாசிரியர் எடுத்துக்காட்டுக்களில் கொற்றனோடு ஒத்து வரும் பொதுப்பெயர் அது. எகிப்தின் செங்கடற்கரைத் துறையாகிய குசெய்ர் அல் காதிமில் கிடைத்த பானையோடு ஒன்றில் தமிழ்ப் பிராமி எழுத்தில் அப்பெயர் பொறிக்கப்பட்டுள்ளது. அங்கே அவன் வணிகனாதல் இயல்பே. ஆயின் அதனை அறிவிப்பது ஓடு கிடைத்த துறை, பெயரன்று. ஐயனாரின் பெயராகிய சாத்தன், 'சாஸ்தா' என்பதன் வழியது என்று கொள்ளுதற்கும் இடமுண்மையின், ஒலி ஒன்றானமை பற்றி எல்லாவற்றையும் ஒரே வேரில் ஏற்றுதல் முறையன்று.

வரலாற்று நூல்களில் இக்காலத்து வழங்கும் மற்றொரு வழக்கையும் யாம் உடன்படுமாறு இல்லை. ஐந்நூற்றுவர், மணிக்கிராமத்தார், அஞ்சுவண்ணத்தார் ஆகியோரை 'வணிகச் சாத்துக்கள்' என எழுதுகின்றனர். இவர்கள் நிலைத்த அமைப்பினர். கி.பி. 849இல் எழுந்த தரிசாப்பள்ளிச் செப்பேடுகள் மணிக்கிராமத்தார்க்கும் அஞ்சுவண்ணத்தார்க்கும் உரிய உரிமைகளைப் பேசுகின்றன. சயாம் நாட்டுத் தகுவாபாக் கல்வெட்டில் மணிக்கிராமத்தார் ஒரு குளத்தின் காவலை ஏற்கின்றனர். குளம் காப்போர் ஊரூராகச் செல்லும் கூட்டத்தினர் ஆகார். இவரைக் குழு எனலாம், கணம் எனலாம். சாத்து என்பது அவர் அனுப்பும் வழிச்செலவிற்கே உரியது.

ஆயினும் மணிக்கிராமம் என்னும் பெயரிலேயே ஒரு பழஞ்செலவு மறைந்து கிடக்கின்றது. அது 'வணிக்கிராமம்' என்பதன் திரிபு என்பர். கிராமம் என்றால் ஊர் என்றே நாம் அறிவோம். வேதகாலத்தில் அஃது அவ்வாறில்லை. சதபத பிராமணத்தில் சர்யாதன் என்பான் தன் கிராமத்தோடு அலைந்து திரிகின்றான். ஊரோடு எவ்வாறு அலைதல் கூடும்? ஆண்டு கிராமம் என்பது வண்டிகளோடும் கால்நடைகளோடும் பெயர்ந்து செல்லும் மக்கட்கூட்டம் என்பதை வில்ஹெல்ம் ரௌ என்னும் ஜெர்மன் அறிஞர் விளக்கியுள்ளார். இரு கிராமங்கள் எதிர்ப்படுதலே 'சங்கிராமம்' ஆகிய போர். அலைந்த கூட்டம் தங்கியபின் தங்கிய இடத்திற்கு அப்பெயர் நின்றது. கைரவான் நகரம் இதற்கு ஒப்பு. பொதியெருதுகளோடு நாடெங்கும் தானியமும் உப்பும் கொண்டு சென்ற பஞ்சாரரின் 'தாண்டா', இன்று அவர்தம் குடியிருப்பிற்குப் பெயராயிருத்தலும் காண்க.

ஒரே செலவிற்கு அமைந்த மூன்று பெயர்களை இப்பொழுது ஒருங்கு வைத்து நோக்கலாம். பாரசீகன் காவலை நோக்கிப் படைப்பெயர் இட்டான். வட இந்திய வணிகன் பண்டத்தை நோக்கிப் பெயரிட்டான். அரபியன் மீட்சியை விரும்பிப் பெயரிட்டான். தமிழர் இட்ட பெயர் ஒன்று உண்டா? உண்டு. அதுவே ஒழுகை. ஒழுகுதல் என்னும் வினையடியாகப் பிறந்து, நீரொழுக்குப்போல் இடையறாது செல்லும் வண்டி நிரையைக் குறிப்பது. பார்ப்பவன் கண்ணுக்குத் தோன்றிய தோற்றமே பெயராயிற்று.

உமணர் வண்டியைப் பெரும்பாணாற்றுப்படை வருணிக்கும் பகுதியை மாணவர் ஒருமுறை பொருளூன்றிப் படித்தல் நலம். வண்டிக்கு மேற்கூரை உண்டு; கோழி தங்கும் கூடு உண்டு; ஊறுகாய்க் கலமும் தொங்கும்; குழந்தையை உடைய பெண் எருதுகளை ஓட்டுகின்றாள். சிறுபாணாற்றுப்படையில் உமணரின் ஒழுகையொடு வந்த மந்தி அவர்தம் சிறுவரோடு விளையாடுகின்றது. புறநானூற்றில் ஔவையார் பாட்டொன்று, வழியில் அச்சு முறியின் மாற்றுதற்கென்று வண்டியின் அடியில் கட்டிவைக்கும் சேமவச்சைக் கூறுகின்றது. குடும்பமே குடியிருக்கும் ஊர்தி இது. 1885இல் ஆங்கில மருத்துவர் ஓய்விற்காகச் செய்வித்ததை உமணர் பிழைப்பிற்காக வைத்திருந்தனர்.

இதனினும் சிறப்புடைய செய்தி ஒன்றுண்டு. காரவான் ஆங்கிலத்தில் அடைந்த மாற்றத்தை ஒழுகை தமிழில் முன்னரே அடைந்துவிட்டது. சிறுபாணாற்றுப்படையில் ஒழுகை என்பதற்கு நிரை என்னும் பொருள் தகும். மந்தி வந்தது அந்நிரையொடு. புறநானூற்று 116ஆம் பாட்டிலோ நிலைமை வேறு. பாரி இறந்தபின் அவன் மகளிர் ஒரு சிற்றில்லின் அருகே குப்பைமேட்டில் ஏறி நின்று, உப்புச் செலுத்துவோரின் ஒழுகையை எண்ணுகின்றனர் என்று கபிலர் வருந்திக் கூறுகின்றார். எண்ணுதற்கு அலகு வேண்டும். சாலையில் சென்ற நிரை ஒன்றாயின் எண்ணுதற்கு இடமில்லை. எண்ணப்பட்டவை அந்நிரையில் ஒன்றன்பின் ஒன்றாகச் சென்ற வண்டிகளே. ஆகவே ஈண்டு ஒழுகை என்பது வண்டி. அகராதி இரு பொருளையும் ஒருங்கு தருதலின், மொழிபெயர்ப்போர் முதற்பொருளை எடுத்துக்கொண்டு 'வண்டிக் கூட்டத்தைப் பார்த்தனர்' என்னும் அளவில் நின்றுவிடுதல் கூடும். அவ்வாறு பெயர்த்தால் பாட்டின் உயிர்நிலை போய்விடும். பகைவேந்தரின் குதிரைகள் வந்து சூழ்ந்த பறம்பிற்கு உரியவன் மகளிர் அவர். இப்பொழுது அவர் முன் செல்வன உப்பு வண்டிகள். ஒன்று, இரண்டு என்று அவற்றை எண்ணிக்கொண்டிருத்தலைத் தவிரச் செய்வதற்கு அவர்க்கு வேறொன்றும் இல்லாமையே கபிலர் நெஞ்சைச் சுட்டது.

எனவே வழிச்செல்லும் வணிகர் கூட்டமாகிய காரவானுக்குச் சாத்து என்றும், வண்டிகள் நிரையாகச் செல்வதற்கு ஒழுகை என்றும் எழுதுதல் தகும் என்பது எம் கருத்து. நடிகர் இளைப்பாறும் ஊர்தியைக் கேரவன் என்றே மக்கள் வழங்குகின்றனர். அது அவ்வாறே இருக்கலாம்.